ஒன்பதாம் நம்பர் இடது கால்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை மணி ஒன்பது நாற்பது. மேற்கே பொதிகைமலை மேல் கருமேகம் அடைந்துகிடந்தது. பாளையங்கோட்டையில் ஒரு சொட்டு இல்லை. காற்று மட்டும் தெருப் புழுதியை அள்ளிக் கண்ணில் போட்டது. ஆனி மாதத்தில் எங்கள் ஊருக்குக் கிடைக்கிற மழை அதுதான்.

அந்த நேரத்தில் நானும் என் மகளும் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரங்கள் இரண்டும் அப்படியே நின்றன. அவற்றுக்கு நடுவே 'முன்னாள் படைவீரர்களுக்கு இலவசச் செயற்கை உறுப்பு அளவெடுக்கும் முகாம்' என்று ஒரு துணிப் பதாகை. வெளியூர் தர்ம ஸ்தாபனம் ஒன்று நடத்தியது. வாசலில் சந்தனக் கும்பாவும் கல்கண்டும்கூட இருந்தன. மண்டபத்துக்காரர் பழக்கத்தில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. நான் இரண்டு கல்கண்டு எடுத்துக்கொண்டேன்.

படைவீரர் என் மகள்தான். ராணுவ மருத்துவமனைகளில் நர்சிங் அதிகாரியாகப் பதினான்கு வருடம் இருந்து மேஜர் ஆனவள். வடக்கே ஒரு மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் உருண்டதில் இடது காலில் முழங்காலுக்குக் கீழே பதினான்கு சென்டிமீட்டர்தான் மிச்சம். "வருசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்குப் பண்ணிக் குடுத்திருக்காங்கப்பா" என்பாள். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்ததில்லை. அவளுக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

நான் நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் சர்வேயராக இருந்தவன். என் கையால் சங்கிலி பிடித்து அளக்காத எந்த எல்லையையும் நான் புலப்படத்தில் ஏற்றியதில்லை. பட்டாக்காரர் சொன்னார், மணியக்காரர் சொன்னார் என்று எழுதியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இனி வரப்போகிறதைச் சொல்வதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது பஸ் நிறுத்தத்தில் உள்ள ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியை வேலை. ஆகஸ்ட் 12ஆம் தேதி சேர வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: வாசலிலிருந்து மாடியில் உள்ள செய்முறைக் கூடம்வரை கைத்தடி இல்லாமல் ஏறி வந்து காட்ட வேண்டும். இதற்கு முன் நான்கு இடங்களில் காலைப் பார்த்ததுமே காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இங்கேயும் அவளுக்கு அடுத்த பெயர் ஒன்று பட்டியலில் காத்திருந்தது.

பழைய செயற்கைக் கால் தளர்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் காலை நுழைக்கிற கிண்ணம் ஒன்று உண்டு, ஸாக்கெட் என்பார்கள். வருடம் போகப்போக உள்ளிருக்கும் கால் மெலியும், கிண்ணம் பெரிதாகும். அவள் ஐந்து காலுறை மாட்டி அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்தாள். அதற்குள் எட்டணா அளவுக்குப் புண். டாக்டர் அந்தக் காலோடு நடக்கவே கூடாது என்றுவிட்டார். ஆகவே முப்பத்து நான்கு நாளுக்குள் புதுக் கால் வேண்டும்.

பதிவு மேசையில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க சுபேதார் ஐயா, இங்கன உக்காருங்க. எந்தக் காலு?"

"படைவீரர் இவங்க" என்றேன்.

"அதான் மகள்னு போட்டிருக்கேன்லா."

மகள் தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் இரண்டு பக்கமும் படித்தார்.

"மேஜர்னு போட்டிருக்கு. இது ஒங்க அட்டையா மேடம்?"

"படத்தைப் பாருங்க."

"படம் ஒங்கள மாதிரிதான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டு, வேறு வழியில்லாமல் படிவத்தைத் தொடர்ந்தார். "மனைவி பேரு?"

"எனக்கு மனைவி இல்ல."

"அந்தக் கட்டம் காலியாக் கெடந்தா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போவாது மேடம். காலமாயிட்டாங்கன்னு போட்டுரவா?"

"போடுங்க" என்றாள் மகள். "பாவம், நல்ல பொம்பள."

அவர் மெய்யாகவே உச்சுக்கொட்டிவிட்டுத் தட்டச்சு செய்தார். பிறகு முப்பத்தேழு என்று எழுதிய சீட்டை எடுத்து என் சட்டையில் குத்தினார். சீட்டில் 'ஆண், 74' என்று இருந்தது. திருத்தச் சொல்லி நான் வாயைத் திறப்பதற்குள், வெள்ளை மீசை வைத்த சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்து என் தோளில் சரிகைச் சால்வையைப் போர்த்தி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். நாலு பேர் கைதட்டினார்கள். மகளும் கைதட்டினாள். நான் பதிலுக்குச் சல்யூட் அடித்திருக்கக் கூடாது. ஆனால் கை தானாக எழுந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். முப்பத்தாறு வருடம் வயல்வரப்பில் வெயில் காய்ந்ததற்கு ஒரு துண்டுகூடப் போர்த்தாத உலகம், ராணுவத்தில் இல்லாத எனக்குப் பதினோரு நிமிடம் மரியாதை செய்தது.

அளவெடுக்கும் இடம் மணமேடை. வேறு வெளிச்சமான இடம் இல்லையாம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் என்னையும் ஒன்றில் அவளையும் உட்காரவைத்தார்கள். பின்னால் தெர்மக்கோலில் இரண்டு மயில்.

தொழில்நுட்பக்காரர்கள் இரண்டு பேர். பெரியவர் மணமகள் அறையில் மாவுக்கட்டுப் போட்டுக் கிண்ணத்துக்கு அச்செடுத்துக்கொண்டிருந்தார். சின்னவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல காலை அளப்பது அவர் வேலை. பாதத்தின் நீளம் ஒன்று, முழங்காலிலிருந்து தரைவரை உயரம் ஒன்று. நல்ல காலுக்குச் சமமாகத்தானே புதுக் காலைச் செய்ய வேண்டும்.

அவர் மகள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து அவளுடைய வலது பாதத்தைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் முதல் வரிசையில் காத்திருந்த ஒரு கிழவி, போன பற்களைப் பற்றிக் கவலைப்படாமல் சத்தமாகச் சொன்னாள்:

"அம்மி எங்கடே? அம்மிய எடுத்துப் போடுங்க. அப்பிடியே மெட்டியும் போட்டு விட்டுரட்டும்!"

மண்டபமே சிரித்தது. கால் இல்லாதவர், கை இல்லாதவர் எல்லாரும் சிரித்தார்கள். யாரோ கெட்டிமேளம் மாதிரி நாற்காலியைத் தட்டினார்கள். அந்தப் பையனுக்குக் காது சிவந்துவிட்டது. பாதத்தைச் சுடுகிற பாத்திரம்போலக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அப்போது பெரியவர் உள்ளேயிருந்து முப்பத்தேழு என்று கூப்பிட, மகள் தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஏழு நிமிடம் கழித்துச் சின்னவர் என்னிடம் வந்தார். அவர் கையிலிருந்த அளவுச் சீட்டில் இரண்டு கட்டமும் காலி.

"ஐயா, மேடம் கால் அளவு... நான் மறுபடி கேட்டா அந்தப் பாட்டி சும்மா இருக்காது. ஒங்களுக்குத் தெரியுமா?"

அவள் பிறந்த பதினாறாம் நாளிலிருந்து வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னது இதுதான்: அப்பன் காலை அப்படியே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கு. நான் அதை நாற்பத்தோரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

"என் காலும் அவ காலும் ஒண்ணுதான்" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினேன்.

நானே டேப்பைப் பிடித்தேன். பாதம் இருபத்தேழு சென்டிமீட்டர். முழங்கால் உயரம் ஐம்பத்து மூன்று. மில்லிமீட்டர் பிசகாமல் இரண்டு முறை பார்த்து எழுதினேன். சின்னவர் கும்பிட்டார். வீட்டுக்கு வரும்போது மகள், "நல்ல காலை அளக்கலியேப்பா?" என்று கேட்டாள். அளந்தாயிற்று என்றேன். அது பொய் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, கால் வந்தது. இன்னும் எட்டு நாள். வெளியூர் பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிட்டதாகப் போன் செய்தார்கள். புதுப் பேருந்து நிலையத்துக்குப் போய் வாங்கினேன். அட்டைப்பெட்டி ஒரு முனையில் கிழிந்து, பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கிழிசலோடு தூக்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. பையில் அந்தச் சரிகைச் சால்வை இருந்தது; சலவைக்குப் போட எடுத்து வந்தது. அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஐந்து விரல் மட்டும் வெளியே தெரிந்தது.

அன்று ஆடி அமாவாசை. ஆற்றில் முழுகித் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்த கூட்டம். ஈர வேட்டி, எள் வாசம், நிற்க இடமில்லை. இரண்டாவது நிறுத்தத்தில் நெற்றி நிறைய விபூதியோடு ஏறிய ஒருவர் தடுமாறி அந்தப் பாதத்தின் மேல் இடித்துவிட்டார். பதறிப்போய், குனிந்து விரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மன்னிச்சிரணும் அண்ணாச்சி, கூட்டத்துல பாக்கல."

"பரவால்ல" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் மறுபடி பார்த்தார். என் இரண்டு காலும் கீழே இருந்தன. மூன்றாவது மடியில் சரிகைக்குள் இருந்தது. அவர் எண்ணுவது எனக்குத் தெரிந்தது, நானும் எண்ணுகிறவன்தான். எண்ணி முடித்ததும் முன்பக்கம் போய்விட்டார். அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன், பாவம், யார் காலைத் தொட்டுக் கும்பிட்டோம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

நடத்துநர் வந்தார். "அண்ணாச்சி, அது என்ன?"

"கால்."

"யாருது?"

"மகளுக்கு."

"பொம்பளையளுக்கு டவுன் பஸ்ல ஃப்ரீதான்" என்று சொல்லி, காலுக்கு லக்கேஜ் போடாமல் எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்.

வீட்டில் அவிழ்த்தோம். கிண்ணம் அவளுக்குக் கச்சிதம். ஒரே ஒரு உறை போட்டாள், புண்ணில் படவில்லை. முகம் மலர்ந்து எழுந்து நின்றாள். நின்றதும் வலது பக்கமாகச் சாய்ந்தாள்.

"ஏட்டி, நேரா நில்லு" என்றாள் என் மனைவி.

"நேராத்தாம்மா நிக்கேன். கால்தான் என்னைப் பத்தமடைப் பக்கமாத் தள்ளுது."

தெற்கே பார்த்து நின்றிருந்தாள். பத்தமடை எங்களுக்கு மேற்கே, ஆகவே அவள் சொன்னது சரிதான். இடுப்பு இரண்டு விரற்கடைக்கு மேல் கோணிக்கிடந்தது. மனைவி அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வாசலுக்குப் போய் என் இடது செருப்பை எடுத்துவந்து அதில் மாட்டினாள். கடையில் அளவு பார்த்து வாங்கின மாதிரி உட்கார்ந்தது.

"இது ஒங்க காலுல்லா!" என்றாள். "நாப்பத்தாறு வருசமா நான் பாத்துட்டு இருக்க காலு. இது எப்பிடி இவளுக்கு வந்தது?"

நான் சொன்னேன். கிழவி, அம்மி, மெட்டி, காலிக் கட்டம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"அப்பா" என்றாள் மகள். "கிழக்கெல்லைக் கல்லு எங்க இருக்குன்னு மேற்கெல்லைக்காரன்கிட்டக் கேட்டு எழுதுவியளா?"

இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஏச்சுகளில் அதுதான் பெரியது.

மேல் பாதி மகளும் கீழ்ப் பாதி நானுமாக ஒரு கால் எங்கள் கூடத்தில் நின்றது. மனைவிக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு. "ராத்திரி எந்திரிச்சி ஒங்கள மாதிரியே பூட்டு பூட்டாப் போயி இழுத்துப் பாக்கும், இருந்து பாரு" என்றாள். மகளும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எட்டு நாள்தான் இருந்தது.

முகாமில் அச்செடுத்த பெரியவருக்கு மகள் போன் செய்தாள். அவர் சொன்னது: உயரம் கூடிப்போனதைச் சரிசெய்யலாம். கிண்ணத்துக்கும் பாதத்துக்கும் நடுவே ஓர் அலுமினியக் குழாய் இருக்கிறது. நான்கு திருகைத் தளர்த்திக் குழாயைக் கழற்றி, கூடின அளவை வெட்டிவிட்டு மாட்டினால் போதும். குழாய் வெட்டுகிறவன் யாரும் வெட்டலாம். ஆனால் ஒரு தடவைதான். அதிகமாக வெட்டிவிட்டால் புதுக் குழாய். அதற்கு அடுத்த முகாம்வரை காத்திருக்க வேண்டும். பாதமா? பெண்கள் அளவு கையிருப்பில் இல்லை. இது ஆம்பிளைகள் வருகிற முகாம் என்று அந்த அளவே ஏற்றி வரவில்லை. எழுதிப்போட்டிருக்கிறார்கள், வந்தால் சொல்வார்கள்.

"வெட்டுத அளவை நீங்க பாருங்கப்பா" என்றாள் மகள்.

"நானா?"

"சர்வேயர் வேற யாரு இருக்கா இங்கன?"

அந்த இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கணக்குப்படி அவளுடைய முழங்கால் உயரத்தை ஐம்பத்து மூன்றிலிருந்து கழித்தால் முடிந்தது. ஆனால் அளக்குந்தோறும் ஒரு விடை. நாற்பத்தாறு மில்லிமீட்டர், நாற்பத்தொன்பது, நாற்பத்தேழு. முழங்கால் எலும்பில் எந்த மேட்டிலிருந்து பிடிப்பது? வயல்வரப்பில் கல் நட்டிருக்கும். உடம்பில் யார் கல் நட்டு வைத்தார்கள்? முப்பத்தொரு முறை அளந்தேன். கடைசியில் மகளே வழி சொன்னாள். குட்டையான வலது காலுக்கு அடியில் ஏதாவது அடுக்கிக்கொண்டே போவது. இடுப்பு சமமாகிற இடத்தில் நிறுத்துவது. அடுக்கின உயரம்தான் வெட்ட வேண்டிய உயரம். ஆஸ்பத்திரியில் பலகை வைத்துப் பார்ப்பார்களாம்.

எங்களிடம் பலகை இல்லை, பஞ்சாங்கம் இருந்தது. வருடம் தவறாமல் வாங்கி நான் எறியாமல் வைத்திருப்பவை. அலமாரியிலிருந்து ஒரு கட்டை இறக்கினேன். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒவ்வொன்றாக அவள் பாதத்தின் அடியில் செருகினேன். மனைவி என் பழைய ரசமட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து அவள் இடுப்பெலும்பின் மேல் வைத்துக் குமிழியைப் பார்த்தாள்.

"குமிழி எங்க நிக்கி?"

"கிழக்க நிக்கி."

இன்னொரு வருடம் செருகினேன்.

"இப்ப?"

"நடுவுக்கு வருது. பைய, பைய. இன்னும் கொஞ்சம்."

"இனி ஒரு முழுப் பஞ்சாங்கம் கூடுதல்" என்றேன்.

"அப்ப ஆடி வரைக்கும் கிழிச்சி வையுங்க" என்றாள் மகள்.

கிழிக்கவில்லை. பின்னட்டையை மட்டும் செருகினேன். குமிழி நடுக்கோட்டில் நின்றது. ஏழு பஞ்சாங்கமும் ஓர் அட்டையும்: நாற்பத்தேழு மில்லிமீட்டர். மூன்று பேரும் தனித்தனியாக அளந்து மூன்று துண்டுத் தாளில் எழுதி, பிறகு விரித்துப் பார்த்தோம். மூன்றிலும் நாற்பத்தேழு.

தெருமுனையில் தண்ணீர்க் குழாய் சாமான் விற்கிற கடையில் குழாய் வெட்டும் கருவி இருந்தது. கடைக்காரர் அலுமினியக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த லைன் அண்ணாச்சி? மோட்டார் லைனா, டேங்க் லைனா?"

"மகளுக்குக் கால்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். குழாயைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நீங்களே கோடு போடுங்க வே. நான் போட மாட்டேன்" என்றார். நான் கோடு போட்டேன். கோட்டின் எந்த ஓரத்தில் வெட்டுவது என்பதையும் சொன்னேன். கருவியைச் சுற்றினார். நாற்பத்தேழு மில்லிமீட்டர் துண்டு 'டிங்' என்று சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அவர் காசு வேண்டாம் என்றார். ஐம்பது ரூபாயை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் மாட்டி நின்றாள். ரசமட்டம் வேண்டியிருக்கவில்லை.

பாதம் மட்டும் என்னுடையதாகவே இருந்தது. வலது பாதம் ஆறாம் நம்பர், இடது ஒன்பது. கல்லூரியில் வெள்ளை ஷூ கட்டாயம். செருப்புக் கடைக்காரர் பெண்களுக்கான ஆறாம் நம்பரில் ஒரு வெள்ளை ஜோடியும் ஆண்களுக்கான ஒன்பதில் ஒரு வெள்ளை ஜோடியும் எடுத்து வைத்தார்.

"இதுல வலது, அதுல இடது போதும்" என்றேன்.

"ஒத்தையா எப்பிடி அண்ணாச்சி விக்க முடியும்? மிச்சத்தை நான் யாருக்கு விப்பேன்?"

"வலது ஒன்பது மட்டும் வேணுங்கிறவங்க இருப்பாங்க. முகாமுல ரெண்டு பேரைப் பாத்தேன்."

"அவங்கள நான் எங்க போய்த் தேடுவேன் வே? ரெண்டு ஜோடியும் எடுத்தா நூறு ரூவா கொறைக்கேன்."

நாற்பது நிமிடம் பேசியும் அதற்குமேல் இறங்கவில்லை. இரண்டு ஜோடியும் வாங்கினேன். பெட்டியில் மிஞ்சின இடது ஆறையும் வலது ஒன்பதையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

பெரிய பாதத்தோடு படியேறுவது லேசில்லை. முன்விரல் மேல்படியில் இடிக்கும். அந்தக் காலில் உணர்ச்சி இல்லாததால் படி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே அவள் எண்ணி ஏறப் பழகினாள். வலது காலை வைப்பாள், இடது பாதத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் கொண்டுவந்து சேர்ப்பாள். எண்ணிக்கை முடிந்ததும் கைப்பிடியை விட்டுவிட்டுச் சமதரையில் நேராக நடப்பாள். கல்லூரியில் எத்தனை படி என்று பார்த்துவரச் சொன்னாள். நான் போனேன். காவலாளி உள்ளே விடவில்லை. வாசல் கம்பிக்கு வெளியே நின்று எண்ணினேன். இருபத்திரண்டு. இரண்டு தடவை எண்ணினேன். வீட்டு மாடிப்படி பதினெட்டுதான். ஏறி, நாலு இறங்கி, மறுபடி நாலு ஏறி இருபத்திரண்டு என்று ஐந்து நாள் பழகினாள்.

ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை ஒன்பது. மேலே கல்லூரி முதல்வரம்மா இரண்டு பேரோடு நின்றார். இந்தத் தடவை காவலாளி என்னைப் படியடி வரைக்கும் விட்டார். மகள் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். நான் கீழிருந்து வாய்க்குள் எண்ணினேன். பத்து. பதினைந்து. ஒரு தரம்கூட இடறவில்லை. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. கைப்பிடியை விட்டாள். நிமிர்ந்தாள். இடது காலை நேராக முன்னே வைத்தாள்.

இருபத்து மூன்றாவது படி ஒன்று இருந்தது. கூடத்துக்குள் நுழைகிற இடத்தில் பாதி உயரத்துக்கு. வாசல் கம்பியிலிருந்து பார்த்தால் பூந்தொட்டி அதை மறைத்துவிடும்.

ஒன்பதாம் நம்பர் ஷூவின் முனை அதில் இடித்த சத்தம் கீழே எனக்குக் கேட்டது. கையிலிருந்த கோப்பு பறந்தது. ஒரு நொடி அவள் முன்னால் சரிந்தாள். நேரில் அளக்காததை நான் இரண்டாவது தடவையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதனால் யாருக்கு என்ன பயன்?

அவள் விழவில்லை. வலது காலை எட்டி வைத்து நின்றுவிட்டாள். குனிந்து கோப்பை எடுத்துக்கொண்டாள். மேலிருந்து முதல்வரம்மாவின் குரல் கேட்டது:

"அந்தப் படியா? அதுல நானே தெனமும் தட்டுதேன். பதினொரு வருசமா இடிச்சுத் தரணும்னு எழுதிப் போடுதோம். போன மாசம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவரு குப்புற விழுந்தாரு. நீங்க நின்னுட்டியளே! உள்ள வாங்க, கையெழுத்துப் போடுங்க."

மகள் படிவிளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள்.

"இருபத்தி மூணுப்பா" என்றாள்.

அன்று சாயங்காலம் நான் ஒரு கருத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஆறாம் நம்பர் பாதமாக இருந்திருந்தால் அந்தப் படியில் பிடிப்பு இருந்திருக்காது, நீளமாக இருந்ததால்தான் நின்றாள் என்று. "அப்பா, பேசாம இருங்க" என்றாள்.

அவளுடைய மாணவிகள் முதல் வாரத்திலேயே ஷூவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "மேடம், ஒரு கால் மட்டும் ஏன் பெருசு?" என்று ஒருத்தி கேட்டாளாம். "அது எங்க அப்பாவோடது. எரவல் வாங்கியிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் நான் கல்லூரி வாசலுக்குப் போனால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேராகக் காலைத்தான் பார்க்கிறார்கள்.

அக்டோபரில் பெண்கள் அளவுப் பாதம் வந்தது. அவளே திருகைக் கழற்றி மாட்டிக்கொண்டாள். இடது ஆறாம் நம்பர் ஷூ பெட்டியிலிருந்து வெளியே வந்து வலதோடு சேர்ந்தது. கழற்றிப்போட்ட என் பாதம் இப்போது முன்கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது. காற்றுக்காலத்தில் எங்கள் கதவு படார் படாரென்று அடிக்கும். இந்த ஆனியில் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. தபால்காரர் மட்டும் இரண்டாவது நாள் வரைக்கும், கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக் குரல்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நம்பர் ஜோடி எனக்கு வந்தது. நான் ஷூ போட்டுப் பழகாதவன். ஆனாலும் தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டு மூவாயிரம் எட்டு நடக்கிறேன். வலது ஷூ புதிது. இடது ஷூவின் முனை தேய்ந்திருக்கிறது. அதில் என் கால் படுவதற்கு முன்னாலேயே, கல்லூரிப் படியில் இரண்டு மாதம் இடித்து இடித்துத் தேய்ந்தது. ஆகவே நான் லேசாக இடது பக்கம் சாய்கிறேன் என்று மனைவி சொல்லுகிறாள். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள்.

பதாகையில் போட்டிருந்தபடி கால் இலவசம். ஷூ இரண்டு ஜோடி, பார்சல் கூலி, குழாய்க் கடை, பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு ரூபாய்.